டென்மார்க் காற்றாலையை ஏற்றுமதித் தொழிலாக்கியது எப்படி?

கேள்வி இதுதான்: "ஒரு நாடு தன் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறையை வளர்த்து, அதை ஏற்றுமதித் தொழிலாகவும் மாற்ற என்ன செய்ய வேண்டும்? காற்றும் வெயிலும் தாராளமாக இருக்கும் நாட்டுக்கு இது தானாகவே வந்து சேர்ந்துவிடாதா?"

வந்து சேராது. உலகிலேயே பலமான காற்று வீசும் இடங்களில் ஒன்று அர்ஜென்டினாவின் படகோனியா. வெயிலுக்கு சஹாராவில் என்ன குறை? ஆனாலும் காற்றாலை என்றதும் டென்மார்க்கும், சோலார் பேனல் என்றதும் சீனாவும்தான் நினைவுக்கு வருகின்றன. டென்மார்க்கின் மொத்த மக்கள்தொகை சுமார் 60 லட்சம். சென்னைப் பெருநகரத்தில் அதைவிட அதிகம் பேர் வசிக்கிறார்கள். காற்றாலை செய்யும் வெஸ்டாஸ் பிறந்தது அங்கே. சீமென்ஸ் கமேசாவின் கடல் காற்றாலைப் பிரிவுக்கு வேர் அங்கே. கடலில் காற்றாலைப் பண்ணைகள் கட்டும் ஆர்ஸ்டெட் நிறுவனமும் அந்த நாட்டுடையது. எல்லா நாடுகளுக்கும் பொருந்தும்படி பொத்தாம்பொதுவாக அறிவுரை சொல்வதைவிட, இந்த ஒரு நாடு என்ன செய்தது, எங்கே அடிபட்டது என்று பார்ப்பது உங்களுக்கு அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன். முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கைக் கரையேற்றியவர்கள் உள்ளூர் வாடிக்கையாளர்களும், ஒரு சின்னப் பரிசோதனை நிலையமும்தான். ஏற்றுமதி அவற்றின் பின்னால் வந்தது.

கதை 1891இல் தொடங்குகிறது. ஆஸ்கோவ் என்ற ஊரில் கிராமத்து இளைஞர்களுக்கான ஒரு பள்ளியில் பால் லா கூர் ஆசிரியராக இருந்தார். அரசு கொடுத்த நிதியில் காற்றாலை ஒன்றைக் கட்டி மின்சாரம் எடுத்தார். காற்று இல்லாத நாளுக்கு என்ன செய்வது என்ற கேள்வி அப்போதே அவருக்கு எழுந்தது. அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனைச் சேமித்து, பள்ளிக்கூட விளக்குகளை அதில் எரித்தார். இன்று 'பசுமை ஹைட்ரஜன்' என்று பேசுகிறோமே, அதேதான். ஆனால் அவர் செய்தவற்றில் நாட்டுக்கு நிலைத்த பயன் தந்தது இன்னொன்று: கிராமத்துப் பையன்களுக்குக் காற்று மின்சாரத்தில் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1904இல் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் யோஹானஸ் யூல்.

அந்த யூல்தான் அரை நூற்றாண்டு கழித்து, 1957இல், கெட்சர் என்ற கடலோர ஊரில் 200 கிலோவாட் காற்றாலையை நிறுவினார். மூன்று இறக்கைகள், காற்றைப் பார்த்த முகம், கிரிட்டோடு (பொது மின்கட்டமைப்போடு) நேரடியாக இணைந்த சாதாரண அசின்க்ரனஸ் ஜெனரேட்டர். பெரிய பராமரிப்பு எதுவும் இல்லாமல் பத்தாண்டு ஓடியது. 1967இல் அதை நிறுத்தியபோது எண்ணெய் அடிமாட்டு விலைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது, அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. டென்மார்க் தன் எரிசக்தித் தேவையில் 90 சதவீதத்துக்கும் மேல் எண்ணெயையே நம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டார்கள். அரசாங்கமும் மின் நிறுவனங்களும் அணுமின் நிலையங்கள் பக்கம் சாய்ந்தன, மக்களில் பெரும்பகுதி எதிர்த்தது. அந்த இழுபறி 1985இல் முடிந்தது: அணுமின்சாரம் நாட்டின் திட்டத்தில் இல்லை என்று நாடாளுமன்றம் தீர்மானித்தது.

இந்த இடைவெளியில்தான் ஊர்ப்பட்டறைகள் உள்ளே நுழைந்தன. வெஸ்டாஸின் மூலம், 1898இல் லெம் என்ற ஊரில் தொடங்கிய ஒரு கொல்லுப்பட்டறை. அப்புறம் பால் குளிர்விக்கும் சாதனம், விவசாயக் கருவிகள், லாரியில் பொருத்தும் ஹைட்ராலிக் கிரேன் என்று செய்துகொண்டிருந்தது. போனஸ் என்ற கம்பெனி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் கருவிகள் செய்த குடும்பத்திலிருந்து வந்தது. நார்ட்டாங்க் டேங்கர் லாரிகளுக்குத் தொட்டி செய்தது. இன்று உலகம் முழுதும் இறக்கை செய்யும் எல்எம், முதலில் மரச்சாமான் தொழிற்சாலை, பிறகு ஃபைபர்கிளாஸ் படகு செய்தது. கிறிஸ்டியன் ரீசகர் என்ற தச்சர் 1970களின் நடுவில் 22 கிலோவாட் காற்றாலை செய்து தன் பகுதி மக்களுக்கே விற்றார். இவர்கள் எல்லாருக்கும் வாடிக்கையாளர் விவசாயிதான். இயந்திரம் பழுதானால் அவன் பட்டறை வாசலில் வந்து நிற்பான் என்பது இவர்களுக்குத் தெரியும்.

அதே காலத்தில் பெரிய நாடுகள் என்ன செய்தன என்று பார்த்தால்தான் இதன் அருமை புரியும். அமெரிக்காவில் நாசாவின் மேற்பார்வையில் போயிங் நிறுவனம் 2.5 மெகாவாட் இயந்திரங்களைக் கட்டியது. ஜெர்மனி 'குரோவியன்' என்ற 3 மெகாவாட் பூதத்தை 1983இல் நிறுவியது, இறக்கை வட்டத்தின் விட்டம் மட்டும் 100 மீட்டர். மொத்தமாக அது ஓடியது சுமார் 420 மணி நேரம். 1987இல் மூடிவிட்டார்கள். விமானம் கட்டத் தெரிந்தவர்களுக்குக் காற்றாலை கட்ட வராதா என்ற நம்பிக்கையில் இறங்கினார்கள். ஆனால் விமானத்தின் இறக்கை தரையில் இறங்கி ஓய்வெடுக்கும், பரிசோதிக்கப்படும். காற்றாலையின் இறக்கை இருபது வருடம் இரவும் பகலும் வளைந்து நிமிர்ந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கே களைத்து விரிசல் விடும் என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அன்று யாருக்கும் ஞானம் இல்லை. டென்மார்க் பட்டறைகள் 22, 30, 55 கிலோவாட் என்று சிறியதாகச் செய்து, நூற்றுக்கணக்கில் விற்று, உடைந்ததைப் பார்த்துப் பார்த்து அடுத்த தொகுதியைத் திருத்தின. இரண்டு பெரிய இயந்திரத்தில் கிடைக்காத பாடம் இருநூறு சின்ன இயந்திரத்தில் கிடைத்தது.

அந்த 55 கிலோவாட் இயந்திரத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். இறக்கைகள் நடுத்தண்டில் அசையாமல் இறுக்கப்பட்டிருக்கும், கோணம் மாற்றும் பொறி எதுவும் கிடையாது. காற்று அளவுக்கு மீறி அடிக்கும்போது இறக்கையின் பின்பக்கம் காற்றோட்டம் பிய்ந்து சுழல ஆரம்பிக்கும், உந்துவிசை தானாகக் குறையும். கட்டுப்பாடு இறக்கையின் வடிவத்திலேயே இருக்கிறது. ஜெனரேட்டர் என்பது அடிப்படையில் ஒரு சாதாரணத் தொழிற்சாலை மோட்டார்தான், அதைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும். கிரிட்டின் அதிர்வெண்தான் இறக்கையின் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. சரி, புயல் இரவில் கரண்ட் போய்விட்டால்? பிடிமானம் போய்விடும், சில நொடிகளில் இறக்கை வெறிபிடித்துச் சுற்றும். டிஸ்க் பிரேக்கை மட்டும் நம்பினால் அது தீய்ந்துபோகும். இதற்கு யூல் கெட்சரிலேயே விடை கண்டிருந்தார்: வேகம் எல்லை மீறினால் இறக்கையின் நுனி மட்டும் தானாகத் திரும்பிக் காற்றுக்குக் குறுக்கே நின்று தடுக்கும். யாரும் பொத்தானை அழுத்த வேண்டாம்.

இந்த நுனி பிரேக்கைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் பல பட்டறைகள் இதை வைக்காமலேயே விற்றன, இறக்கைகள் பிய்த்துக்கொண்டு பறந்தன. 1978இல் ரிசோ என்ற ஆராய்ச்சி மையத்தில் ஒரு சிறிய காற்றாலைப் பரிசோதனை நிலையம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு, காற்றாலை வாங்குபவருக்கு விலையில் 30 சதவீதம் மானியம் என்று அரசு அறிவித்தது. அதோடு ஒரு நிபந்தனை: ரிசோ நிலையம் ஒப்புதல் கொடுத்த மாடலுக்குத்தான் மானியம். ஒப்புதலுக்கு இரண்டு தனித்தனி பிரேக் அமைப்புகள் வேண்டும், அதில் ஒன்று காற்றாலேயே தடுக்கும் வகையாக இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் டென்மார்க்கின் மொத்தக் கொள்கையிலும் கெட்டிக்காரத்தனமான முடிவு இதுதான். மானியம் எந்த நாடும் கொடுக்கலாம். மானியத்தின் கயிற்றைத் தரத்தின் கையில் கொடுத்ததில்தான் விஷயம் இருக்கிறது. ரிசோவின் பொறியாளர்கள் "தேறவில்லை" என்று சொல்லி அனுப்பிவிடவில்லை, எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று பட்டறைக்காரரோடு உட்கார்ந்து பேசினார்கள். ஒரு பட்டறை கற்றுக்கொண்ட பாடம் அடுத்த பட்டறைக்கும் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு பக்கம் வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. 1978இல் காற்றாலை உரிமையாளர்கள் சங்கம் அமைத்தார்கள். மாதாமாதம் பத்திரிகையில் ஒரு பட்டியல் வரும்: எந்த ஊரில், எந்தக் கம்பெனியின் இயந்திரம், இந்த மாதம் எத்தனை யூனிட் கொடுத்தது, எதில் பழுது. வாங்க நினைக்கும் விவசாயி விற்பனையாளரின் பேச்சைக் கேட்பதற்கு முன் இந்தப் பட்டியலைப் பார்ப்பார். மோசமான இயந்திரத்தை எந்த விளம்பரமும் காப்பாற்ற முடியாது. ஊர்க்காரர்கள் சேர்ந்து பங்கு போட்டு ஒரு காற்றாலை வாங்கும் கூட்டுறவு முறையும் பரவியது. 1990களின் இறுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டேனிஷ் குடும்பங்களுக்குக் காற்றாலையில் பங்கு இருந்தது. மின் நிறுவனங்கள் காற்று மின்சாரத்தை நுகர்வோர் விலையில் சுமார் 85 சதவீதத்துக்கு வாங்க வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. யூனிட் ஓடினால்தான் காசு. அதனால் எல்லாருடைய கண்ணும் மீட்டர் மேல்.

இப்படி உள்ளூரில் அடிபட்டுத் தேறிய இயந்திரத்துக்குத்தான் கலிஃபோர்னியா கதவு திறந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்க மத்திய அரசும் அந்த மாநிலமும் கொடுத்த வரிச் சலுகையால் அல்டமான்ட், டெஹாச்சபி மலைப்பகுதிகளில் ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் முளைத்தன. அவசரமாகக் கட்டப்பட்ட பல அமெரிக்க இயந்திரங்கள் சில மாதங்களிலேயே படுத்துவிட்டன. கனமான, மெதுவாகச் சுற்றும் டேனிஷ் இயந்திரங்கள் நின்று ஓடின. 1985 வாக்கில் அங்கே புதிதாக நிறுவப்பட்டவற்றில் பாதிக்கு மேல் டென்மார்க்கிலிருந்து வந்தவை. ரிசோவின் ஒப்புதல் சீட்டும் உரிமையாளர் சங்கத்தின் பட்டியலும்தான் அங்கே பேசின. கடன் கொடுக்கும் வங்கிக்கு வேறு என்ன சான்று வேண்டும்?

அதே கலிஃபோர்னியா அவர்களைப் படுக்கவும் வைத்தது. 1985 கடைசியில் மத்திய அரசின் வரிச் சலுகை காலாவதியானது, சந்தை ஒரே இரவில் வற்றிப்போனது. ஒற்றைச் சந்தையை நம்பி விரிவடைந்த டேனிஷ் கம்பெனிகள் வரிசையாக விழுந்தன. வெஸ்டாஸே 1986இல் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. மற்ற தொழில்களை விற்றுவிட்டு, 1987இல் காற்றாலை மட்டும் செய்யும் கம்பெனியாக மறுபடி எழுந்தது. எழ முடிந்ததற்கு உள்ளூரில் ஆர்டர் இருந்ததுதான் காரணம். 1985இலேயே அரசு, 100 மெகாவாட் காற்றாலை நிறுவும்படி மின் நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்திருந்தது, கூட்டுறவுகளும் வாங்கிக்கொண்டிருந்தன. வெளிநாட்டுச் சந்தை மூடும்போது தொழிலாளியையும் டிசைனரையும் வேலையில் வைத்திருக்கும் அளவுக்காவது வீட்டில் வாடிக்கையாளர் வேண்டும். இதை ஏற்றுமதித் திட்டம் போடும் எந்த நாடும் மறக்கக் கூடாது.

இந்த நேரத்தில்தான் தமிழ்நாடு கதைக்குள் வருகிறது. இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகள் 1986இல் நிறுவப்பட்டன, அவற்றில் ஒன்று தூத்துக்குடியில். அங்கே நின்றவை 55 கிலோவாட் வெஸ்டாஸ் இயந்திரங்கள். அடுத்து டென்மார்க்கின் வளர்ச்சி உதவி அமைப்பான டானிடாவின் பணத்தில் குஜராத்தின் லம்பாவிலும், நம் பக்கம் முப்பந்தல், கயத்தாறு பகுதிகளிலும் மாதிரிப் பண்ணைகள் வந்தன. 1998இல் சென்னையில் தொடங்கிய காற்றாலைத் தொழில்நுட்ப மையத்துக்கும் (இன்றைய தேசியக் காற்றாலை நிறுவனம்) கயத்தாறில் உள்ள அதன் பரிசோதனை நிலையத்துக்கும் டானிடா கை கொடுத்தது. உதவி என்ற பெயரில் விற்பனை செய்தார்கள் என்று சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. இயந்திரத்தோடு அளக்கும் முறையையும் சோதிக்கும் முறையையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். வாங்கியவனுக்கு இயந்திரம் ஓடினால்தான் அடுத்த ஆர்டர் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஏற்றுமதிக்கான கடன் உத்தரவாதம் கொடுக்கும் அவர்களுடைய அரசு அமைப்பும் காற்றாலைத் திட்டங்களைத் தூக்கிப் பிடித்தது. பொருளோடு கடனையும் சேர்த்து விற்கத் தெரியாத நாடு பெரிய இயந்திரங்களை விற்க முடியாது.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை காற்று சீசன். தமிழ்நாட்டில் இன்று காற்றாலைகளின் மொத்தத் திறன் 11,000 மெகாவாட்டுக்கு மேல், டென்மார்க் முழு நாட்டிலும் இருப்பதைவிட அதிகம். பிறகு ஏன் திருநெல்வேலியிலோ கோயம்புத்தூரிலோ ஒரு வெஸ்டாஸ் பிறக்கவில்லை?

ஒரு காரணம், பணத்தின் கயிறு நம் ஊரில் வேறு இடத்தில் கட்டப்பட்டிருந்தது. தொண்ணூறுகளில் காற்றாலையின் முழு மதிப்பையும் முதல் வருடமே தேய்மானமாகக் காட்டி வரியைக் குறைக்கலாம் என்ற சலுகை இருந்தது. லாபம் அதிகம் வந்த கம்பெனிகள் வரிக்காகக் காற்றாலை வாங்கின. மார்ச் 31க்குள் இயக்கத்துக்கு வந்ததா என்பதுதான் கேள்வி, எத்தனை யூனிட் ஓடியது என்பது பிறகு. தரம் குறைந்த இயந்திரங்களும், காற்றே சரியாக வராத இடங்களும் அப்படித்தான் விலைபோயின. அதே காலத்தில் வாங்கிய நூற்பாலை முதலாளிகள் வேறு ரகம். அவர்களுக்கு அந்த மின்சாரம் சொந்த மில்லுக்குத் தேவை. அதனால் யூனிட் கணக்குப் பார்த்தார்கள், பழுதானால் சண்டை போட்டார்கள். டென்மார்க் விவசாயிக்கு நிகரான வாடிக்கையாளர் நம்மிடம் இருந்தார். ஆனால் அவர் சொன்ன குறைகளைச் சேர்த்து, எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டு, அதையே தரத்துக்கு அளவுகோலாக்க யாரும் முன்வரவில்லை. பரிசோதனை நிலையம் வந்தபோது சந்தைக்கு வயது பன்னிரண்டு ஆகிவிட்டது. டென்மார்க்கில் மானியத்துக்கு முன்பே நிலையம் இருந்தது.

இன்னொன்று, விதிகள் மாறிய வேகம். தேய்மானச் சலுகையை 2012இல் எடுத்தார்கள், 2014இல் திரும்பக் கொடுத்தார்கள், 2017இல் பாதியாக்கினார்கள். அதே 2017இல் நிலையான விலையை விட்டுவிட்டு ஏலத்துக்கு மாறினார்கள். பிப்ரவரியில் யூனிட் 3.46 ரூபாய், அக்டோபரில் 2.64 ரூபாய். மின்சாரம் மலிவானது உண்மை. ஆனால் 2016-17இல் நாடு முழுதும் 5,500 மெகாவாட்டுக்கு மேல் நிறுவிய தொழில், அடுத்த ஆண்டு 2,000 மெகாவாட்டுக்கும் கீழே இறங்கியது. உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளுக்கு இப்படி ஒரு வருடம் வந்தாலே போதும், கதவைச் சாத்திவிடுவார்கள். ஏலம் தவறு என்று நான் சொல்லவில்லை, டென்மார்க்கே பின்னாளில் ஏலத்துக்குத்தான் போனது. மாறுவதற்கு முன் தொழிலுக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

1995இல் துளசி டான்டி தொடங்கிய சுஸ்லான் நம் நாட்டிலிருந்து உலகச் சந்தைக்குப் போன பெரிய முயற்சி. 2006இல் பெல்ஜியத்தின் ஹேன்சன் கியர்பாக்ஸ் கம்பெனியை வாங்கியது, அடுத்த ஆண்டு ஜெர்மனியின் காற்றாலைக் கம்பெனியான ரீபவரில் கை வைத்தது. கடன் மலைபோல் சேர்ந்திருந்த நேரத்தில் அமெரிக்காவில் விற்ற இறக்கைகளில் விரிசல் வந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பலப்படுத்திக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2012இல் கடன்பத்திரப் பணத்தைத் திருப்பித் தர முடியாமல் நின்றது. பிறகு மீண்டுவந்தது, இன்று உள்நாட்டில் வலுவாக இருக்கிறது. இதே மாதிரி அடி டென்மார்க்குக்கும் விழுந்தது. ஹார்ன்ஸ் ரெவ் கடல் பண்ணையில் 2002இல் நிறுவிய 80 இயந்திரங்களையும் இரண்டே வருடத்தில் கரைக்குக் கொண்டுவந்து பழுதுபார்த்தார்கள். தாங்கிக்கொள்ள முடிந்ததற்குக் காரணம் அவர்களுக்குப் பின்னால் கால் நூற்றாண்டு அனுபவமும் 1991இலேயே விண்டபியில் பதினோரு சின்ன இயந்திரங்களைக் கடலில் நிறுத்திப் பார்த்த பழக்கமும் இருந்ததுதான்.

ஆனால் நம் பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கோயம்புத்தூரில் காற்றாலைக்கான கியர்பாக்ஸ் செய்கிறார்கள், வார்ப்படம் செய்கிறார்கள். சென்னையைச் சுற்றி இறக்கையும் நாசெல்லும் (டவர் உச்சியில் ஜெனரேட்டர் இருக்கும் பெட்டி) செய்யும் தொழிற்சாலைகள் இருக்கின்றன, அவற்றில் கணிசமான பங்கு வெளிநாட்டுக்குப் போகிறது. பெயர்ப்பலகை வேறு நாட்டுக் கம்பெனியுடையது, கைவேலை நம்முடையது. இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். எல்எம்மும் இப்படி இறக்கை மட்டும் செய்துதான் பெரிய ஆளானது.

இங்கே சோலாரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் காற்றாலையின் பாடத்தை அப்படியே சோலாருக்குப் போட்டால் தப்பாகப் போகும். 2000இல் ஜெர்மனி கொண்டுவந்த சட்டம் சோலார் மின்சாரத்துக்கு இருபது வருடத்துக்கு உறுதியான விலை கொடுத்தது. வீட்டுச் சந்தை பிரமாதம். ஆனாலும் உலகின் முன்னணி செல் உற்பத்தியாளராக இருந்த கியூசெல்ஸ் 2012இல் திவாலாகி, கொரியாவின் ஹன்வா கைக்குப் போனது. இன்று மூலப்பொருளான பாலிசிலிக்கானிலிருந்து பேனல் வரை ஒவ்வொரு கட்டத்திலும் உலக உற்பத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவிடம். ஏன் இப்படி ஆயிற்று? பேனலைக் கன்டெய்னரில் அடுக்கி எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். கூரையில் மாட்டியபின் செய்தவனுக்கும் வாங்கியவனுக்கும் பெரிய பேச்சுவார்த்தை இல்லை. மலிவாக யார் செய்கிறார்கள் என்பதே ஒரே கேள்வி. அதில் மின்சாரக் கட்டணம், வங்கிக் கடன், தொழிற்சாலையின் அளவு எல்லாம் சேர்ந்து சீனா ஜெயித்தது. காற்றாலை அப்படி இல்லை. வெஸ்டாஸின் 15 மெகாவாட் இயந்திரத்தின் ஓர் இறக்கை 115.5 மீட்டர். அதை உலகம் சுற்றி அனுப்புவது பெரும் செலவு. இருபது முப்பது வருடம் கூடவே நின்று பராமரிக்க வேண்டும். இன்று வெஸ்டாஸ் தன் பராமரிப்பில் வைத்திருப்பது 1,50,000 மெகாவாட்டுக்கும் மேல். இயந்திரம் விற்றதில் 2022இல் பெரிய நஷ்டம் வந்தபோதும் பராமரிப்பு வேலைதான் கம்பெனியைத் தாங்கியது.

அதனால் ஒரு நாடு "சோலார் பேனல் ஏற்றுமதி செய்வோம்" என்று கிளம்பும்போது, பேனலுக்குள் இருக்கும் வேஃபரும் (மெல்லிய சிலிக்கான் தகடு) அதில் செய்யும் செல்லும் எங்கிருந்து வருகின்றன என்று முதலில் கேட்க வேண்டும். இந்தியா அண்மை ஆண்டுகளில் ஏற்றுமதி செய்த பேனல்களில் மிகப் பெரும் பங்கு அமெரிக்காவுக்குத்தான் போனது, உள்ளே இருக்கும் மூலப்பொருளில் நிறையச் சீனாவுடையது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது 1985 கலிஃபோர்னியாதான் எனக்கு ஞாபகம் வந்தது. நல்ல வேளையாக நம் உள்நாட்டுச் சந்தை பெரியது.

மின்சாரத்தையே ஏற்றுமதி செய்யலாமா என்பது உங்கள் கேள்வியில் மறைந்திருக்கும் இன்னொரு கேள்வி. செய்யலாம், பக்கத்து வீட்டுக்காரர் சரியாக அமைந்தால். டென்மார்க்குக்கும் நார்வேக்கும் இடையே எழுபதுகளின் இறுதியிலிருந்தே கடலடிக் கேபிள் இருக்கிறது. காற்று அடிக்கும்போது டேனிஷ் மின்சாரம் அங்கே போகும், நார்வே அணையில் தண்ணீரைத் தேக்கி வைக்கும். காற்று ஓயும்போது அங்கிருந்து இங்கே வரும். 2023 டிசம்பரில் பிரிட்டனுக்கு 765 கிலோமீட்டர் கேபிள் போட்டு இணைத்தார்கள். இன்று தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து எடுக்கும் நாடு விளக்கு அணையாமல் ஓடுவதற்கு இந்தக் கேபிள்களும் காரணம். கிரிட்டைக் கட்டாமல் காற்றாலையை மட்டும் நட்டால் சீசன் நேரத்தில் "நிறுத்திவையுங்கள்" என்ற உத்தரவு வரும். அது எப்படி வலிக்கும் என்று நம் தென்மாவட்டத்துக் காற்றாலை முதலாளிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

டென்மார்க்கும் எல்லாவற்றையும் சரியாகச் செய்யவில்லை. 2001இல் ஆட்சி மாறியதும் உள்நாட்டு ஆதரவைச் சுருக்கினார்கள், சில ஆண்டுகள் புதிய காற்றாலை கிட்டத்தட்ட நின்றேபோனது. 2004இல் போனஸ் ஜெர்மனியின் சீமென்ஸுக்கு விற்கப்பட்டது, வெஸ்டாஸ் தன் பெரிய உள்நாட்டுப் போட்டியாளரான என்இஜி மைக்கானைச் சேர்த்துக்கொண்டது. அதற்குள் ஜெர்மனி, ஸ்பெயின், அமெரிக்கா, இந்தியா என்று சந்தை பரவியிருந்ததால் தொழில் பிழைத்தது. 2024 டிசம்பரில் வட கடலில் 3,000 மெகாவாட்டுக்கு மானியமே இல்லாமல் ஏலம் விட்டார்கள், ஒருவர்கூட விலை கேட்கவில்லை. மறு ஆண்டு மானியத்தோடு திரும்ப வர வேண்டியிருந்தது. அனுபவசாலிகளுக்கே இப்படி என்றால் புதிதாக இறங்குபவர்கள் விதி எழுதும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்று பாருங்கள்.

சரி, நடைமுறையில் எங்கே தொடங்குவது? இன்று புதிதாக ஒரு வெஸ்டாஸை உருவாக்க நினைப்பது பெரும்பாலான நாடுகளுக்கு வீண் முயற்சி. அந்த இடம் நிரம்பிவிட்டது, சீனக் கம்பெனிகள் விலையில் நெருக்குகின்றன. ஆனால் சங்கிலி நீளமானது. வார்ப்படம், டவர், கேபிள், மின்மாற்றி, கட்டுப்பாட்டு மென்பொருள், இறக்கை பழுதுபார்ப்பு, கடலில் வேலை செய்யும் கப்பல், துறைமுக வேலை, இதில் ஒன்றிரண்டு கண்ணியை இறுகப் பிடித்தாலே போதும். டென்மார்க்கின் எஸ்பியர் துறைமுகம் மீன்பிடியிலும் எண்ணெயிலும் வாழ்ந்தது. அதே கிரேன், அதே மாலுமிகளை வைத்து இன்று ஐரோப்பாவின் கடல் காற்றாலைகளை ஏற்றி அனுப்பும் முக்கியத் துறைமுகமாகிவிட்டது. உங்கள் நாட்டில் ஏற்கெனவே நன்றாகச் செய்துவரும் தொழில் எது, அதிலிருந்து ஓரடி எட்டிவைத்தால் எது கைக்கு வரும் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பால் குளிர்விப்பானிலிருந்து காற்றாலைக்கு வந்தவர்களின் வழி அதுதான்.

பரிசோதனை நிலையத்தை முதல் வருடமே கட்டுங்கள், அதன் முடிவுகளை எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். டென்மார்க் 2012இல்கூட ஆஸ்டெரில்டில் மிகப் பெரிய இயந்திரங்களுக்கென்று புதிய நிலையம் திறந்தது, போட்டி நாட்டுக் கம்பெனிகளும் அங்கே வந்து சோதித்துக்கொள்கின்றன. மானியத்தை நிறுவிய மெகாவாட்டுக்குக் கொடுக்காதீர்கள், ஓடிய யூனிட்டுக்குக் கொடுங்கள். பத்து வருடத்துக்கு விலை எப்படிக் குறையும் என்று அட்டவணையை முன்கூட்டியே சொல்லுங்கள். குறைப்பதில் தவறில்லை, திடீரென்று குறைப்பதுதான் தொழிலைக் கொல்கிறது.

கடைசியாக ஊர்மக்களின் பங்கு. இதைப் பலர் கடைசியில்கூட யோசிப்பதில்லை. இலங்கையின் மன்னாரில் 'தம்பபவனி' என்ற 103.5 மெகாவாட் பண்ணை நிற்கிறது, 30 வெஸ்டாஸ் இயந்திரங்கள். அதற்கு மேல் அங்கே காற்றாலை வேண்டாம் என்று மன்னார் மக்கள் போராடுகிறார்கள். பறவைகள், மழைநீர் வடிகால், நிலம் என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் கேட்கப்பட வேண்டியவை. டென்மார்க்கிலும் இயந்திரங்கள் பெரிதாகி, முதலாளிகள் வெளியூர்க்காரர்களானபோது எதிர்ப்பு எழுந்தது. 2009இல் ஒரு சட்டம் போட்டார்கள்: புதிய காற்றாலைத் திட்டத்தின் பங்குகளில் குறைந்தது 20 சதவீதத்தை, முதலில் 4.5 கிலோமீட்டர் சுற்றளவில் வசிப்பவர்களுக்குச் செலவு விலையிலேயே கொடுக்க முன்வர வேண்டும். அது எல்லா எதிர்ப்பையும் தீர்க்கவில்லை. ஆனால் பக்கத்தில் வசிப்பவர் வருமானத்தில் கூட்டாளி ஆகலாம் என்ற உரிமையைச் சட்டமே கொடுத்தது. மன்னாரிலும் முப்பந்தலிலும் அப்படி ஒரு விதியோடு தொடங்கியிருந்தால் மக்களோடு நடக்கும் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். புதிதாகச் சட்டம் எழுதும் நாடுகள் அந்த 20 சதவீதத்தை இப்போதே எழுதிக்கொள்ளலாம்.